மூன்று சொற்களும் ஓர் அகரமும்

உலகிற்கு ஆதாரமாகிய மூலப்பொருளை உபநிடதங்கள் பிரமம் என்று வழங்குகின்றன. படைப்புக் கடவுளாகிய நான்முகன் வேறு, இப்பிரமம் வேறு. இப்பொருளுக்கும் நமக்கும் உள்ள உறவு யாது? இவ்வினாவை ஆராய்கிறது சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம்.

பன்னிரண்டு ஆண்டுகள் வேதம் பயின்று, கல்விச் செருக்கோடு இல்லம் திரும்புகிறான் சுவேதகேது. தந்தை உத்தாலகர், இரவில் உப்பை நீரில் இடுமாறு பணிக்கிறார். காலையில் அதனை எடுத்துத் தரும்படி கேட்கிறார். மகன் தேடுகிறான், உப்பு அகப்படவில்லை. ஆனால் மேலும், நடுவிலும், அடியிலும் பருகிப் பார்த்தால் எங்கும் உப்புச் சுவையே! கண்ணுக்குப் புலப்படாவிடினும் மெய்ப்பொருள் இங்கேயே உள்ளது என்று உணர்த்திய தந்தை, அப்பொருளோடு மகனை இணைத்து மூன்று வடசொற்களைக் கூறுகிறார். ஒன்று 'அது' என்பது. மற்றொன்று 'நீ' என்பது. மூன்றாவது இரண்டையும் பிணைக்கும் வினை. அவ்வத்தியாயத்தில் அவை ஒன்பது முறை வருகின்றன.

இவற்றுக்குப் பொருள் காணுமிடத்து ஆசாரியர் மூவரும் வேறுபட்டனர். அதுவும் நீயும் முற்றிலும் ஒன்றே, வேற்றுமை அறியாமையின் விளைவு என்றார் சங்கரர். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுஜரோ, உயிர்கள் பிரமத்திற்கு உடல். ஆதலின் 'நீ' என்னும் சொல், உயிருக்கும் உயிராய் உள்நின்று இயக்கும் இறைவனையே சென்று சுட்டுகிறது என்றார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மத்துவர், முன்னுள்ள சொல்லின் ஈற்று நெடிலில் ஓர் அகரம் புணர்ந்து மறைந்துள்ளது என்றார். வடமொழியில் அகரம் எதிர்மறை குறிப்பது. அதனைப் பிரித்தெடுத்தால் 'நீ அப்பொருள் அல்லை' என்றாகிவிடும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வீடுபேறு யாது என்பதே இதனைப் பொறுத்தது. சங்கரர்க்கு அது புதிதாக எய்தும் பேறு அன்று. என்றும் உள்ள ஒருமையை அறிதலே. இராமாநுஜர்க்கு இறைவனுக்கு நீங்காது தொண்டு புரியும் வாழ்வு. மத்துவர்க்கோ, உயிர் என்றும் வேறாகவே நின்று, திருமாலின் அருளால் தன் இயல்பான இன்பத்தை நுகர்தல்.

கன்னட நாட்டில் வாழும் நேயர்களுக்கு இம்மூன்று நெறிகளும் அண்மையிலேயே உள்ளன. சங்கரர் நிறுவியதாக மரபு கூறும் சிருங்கேரி, இராமாநுஜர் தங்கியிருந்த மேல்கோட்டை, மத்துவர் கண்ணனை எழுந்தருளச் செய்த உடுப்பி ஆகியவை அங்கேயே உள்ளன. அத்தலங்களுக்குச் செல்வோர், உத்தாலகர் தம் மகனுக்கு உரைத்த அம்மூன்று சொற்களுக்கு அங்கங்கே என்ன விடை கூறப்படுகிறது என்பதையும் கேட்டறிந்து வருவார்களாக.