காணாமல் போன 16 பக்கங்கள்!

நாவலுக்கு மதிப்புரை எழுதுவது ரொம்ப சுலபம். முன்னுரையிலிருந்து நாலு வரி, பின்னட்டையிலிருந்து ரெண்டு வரி, நடுவில் எங்கேயாவது பிரித்து ஒரு வர்ணனை... கடைசியில், 'அச்சுப்பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்' என்று ஒரு குட்டு. தீர்ந்தது! இந்த ரகசியம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? செய்தவனாச்சே!

1992. என் நண்பன் ஒரு நாவல் எழுதினான். ஆறு வருஷ உழைப்பு. பதிப்பாளர்கள், 'பார்க்கலாம் சார்' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷத்தைக் கழித்தார்கள். கடைசியில் அவன் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. நாவல் அச்சகத்துக்குப் போயிற்று. சொந்தச் செலவில் 1,000 பிரதிகள்.

'படிச்சுட்டு உள்ளதைச் சொல்லுடா' என்று எனக்கும் ஒன்று கொடுத்தான். 40 பக்கம் நிஜமாகவே படித்தேன். அப்புறம் தீபாவளி, ஆபீஸில் ஆடிட், மாமனாருக்குக் கண் ஆபரேஷன்... இதற்குள் ஒரு பத்திரிகையில் அவசரமாக மதிப்புரை கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் நானே மெச்சிக்கொண்ட வாக்கியம் - 'ஒரு பக்கத்தைக்கூட எடுத்துவிட முடியாத கச்சிதம்!'

இன்னும் நாலு மதிப்புரைகள் வந்தன. எல்லாமே பாராட்டு. பையன் கத்தரித்து ஒட்டி வைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கு வந்தான். காபி வேண்டாம் என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

'என் புஸ்தகத்தை எடு. 96-ம் பக்கம் பிரி.'

பிரித்தேன்.

'அடுத்த பக்கம்?'

பார்த்தேன். 113!

விஷயம் இதுதான். ஒரு பெரிய தாளில் 16 பக்கங்கள் அச்சாகும். அதை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். பைண்டிங்கில் முதல் கட்டுக்கு மட்டும் ஏழாவது பாரத்தை விட்டுவிட்டார்கள். மதிப்புரைக்குப் போன பிரதிகள் எல்லாம் அந்தக் கட்டிலிருந்து எடுத்தவை. மதிப்புரை எழுதிய ஐந்து பேரில் ஒருத்தருக்கும் இது தெரியவில்லை!

தெரிந்தது யாருக்கு? தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த ஓர் அம்மாவுக்கு. வி.பி.பி.யில் புத்தகம் வாங்கியவர். தபால் கார்டு போட்டிருந்தார். 'அய்யா, 96-க்கு அப்புறம் 113 வருகிறது. பெரியவள் ஏன் வீட்டை விட்டுக் கிளம்பினாள்? அந்தப் பக்கங்களை மட்டும் அனுப்ப முடியுமா? தபால் செலவை மணியார்டர் செய்துவிடுகிறேன்.'

'நாலு பேர் திட்டியிருந்தாக்கூட சந்தோஷப்பட்டிருப்பேன்டா. படிச்சிருக்காங்கன்னு அர்த்தம்' என்றான் நண்பன். அவன் கையிலிருந்த கார்டைப் பார்த்தேனே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை.

தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் துக்கம் கிடையாது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்ததே... நடுவில் ஒரு அத்தியாயம் விட்டுப்போயிருந்தால் வாசகர்கள் சும்மா இருந்திருப்பார்களா? அதே கல்கிதான் 'கர்நாடகம்' என்ற பெயரில் சங்கீத விமர்சனமும் எழுதினார். கச்சேரிக்குப் போகாமல் விமர்சனம் எழுதினால் ஆபத்து. பாடகருக்குத் தொண்டை கட்டி, கச்சேரியே ரத்தாகியிருக்கலாம்! நாவலுக்கு அந்தப் பயம் இல்லை. அதுதான் என்னைப் போன்றவர்களுக்கு வசதி.

ஆனால், இதைத் தவமாகச் செய்தவர்களும் இருந்தார்கள். சி.சு. செல்லப்பா 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, விமர்சனத்துக்குப் பெரிய இடம் கொடுத்தார். லாபமா? புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராக விற்றவர் அவர். க.நா.சு. போட்ட நாவல் பட்டியல்களோடு சண்டை பிடித்தவர்கள் ஏராளம். பிடிக்கட்டுமே! உலக நாவல்களைத் தேடித் தேடிப் படித்து, மொழிபெயர்த்தும் தந்த மனிதர். படித்துவிட்டுச் சொல்கிறவரோடு சண்டையாவது போடலாம். படிக்காமல் பாராட்டுகிறவனோடு என்ன செய்வது?

சரி, தென்காசி அம்மா என்ன ஆனார்? நண்பன் ஏழாவது பாரத்தைத் தபாலில் அனுப்பினான். பத்தாம் நாள் பதில் வந்தது. இந்தத் தடவை இன்லண்ட் லெட்டர். ஓரமெல்லாம் பொடி எழுத்து.

'அய்யா, பக்கங்கள் கிடைத்தன. ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. இவை வருவதற்குள், பெரியவள் ஏன் கிளம்பினாள் என்று ரெண்டு ராத்திரி யோசித்தேன். ஓரளவு புரிந்தும்விட்டது. நீங்கள் 16 பக்கம் அவளை அழவைத்து, எல்லாவற்றையும் விளக்கிவிட்டீர்கள். போகும்முன் அடுப்பைத் தண்ணீர் தெளித்து அணைக்கிறாளே, அந்த இடம் ஒன்று போதாதா?'

நண்பன் நாலு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் சிவப்புப் பேனாவை எடுத்தான்.

1996-ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அந்த 16 பக்கம், மூன்று பக்கமாகியிருந்தது. அடுப்பு அணைக்கிற இடம் அப்படியே இருந்தது.

'ஒரு பக்கத்தைக்கூட எடுத்துவிட முடியாதுன்னு எழுதினேனே... இப்பத்தான் அது நிஜமாச்சு. அடுத்த பதிப்புல பின்னட்டையில போடேன்' என்றேன் அசடு வழிய.

'போடலாம். முதல்ல முழுசாப் படி' என்றான்.

படித்தேன் சார்! அட்டையிலிருந்து அட்டை வரை. பக்க எண்களையும் சேர்த்து!