ஒரே தராசு, ஒழுங்கான ஏடு
அமெரிக்கப் பெட்ரோல் விதிகள் வணிகருக்குச் சொல்லும் பாடம்

மளிகைக் கடைக்காரர் படிக்கும் ஏட்டில் பெட்ரோலைப் பற்றி என்ன எழுத்து என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. அங்கே 'கேசோலின்' என்று அழைக்கப்படும் பெட்ரோலின் பெரும்பகுதி, ரொட்டியும் பாலும் குளிர்பானமும் விற்கும் சிறு கடைகளின் வாசலில் உள்ள பம்புகளில்தான் விற்பனையாகிறது. அப்படிப்பட்ட கடைகளை நடத்துவோரில் நம் நாட்டவரும் ஏராளம். ஆகவே பெட்ரோல் விதி என்பது அங்கே பெரிய எண்ணெய்க் கம்பெனியின் கவலை மட்டுமல்ல. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சிறு வணிகரின் கவலையும் ஆகும்.

பருப்பில் கல் இருந்தால் கையில் அள்ளிப் பார்த்துச் சொல்லிவிடலாம். எண்ணெய் காறல் என்றால் மூக்கு சொல்லிவிடும். பெட்ரோலில் கந்தகம் எவ்வளவு, பென்சீன் எவ்வளவு என்பதைக் கண்ணும் மூக்கும் சொல்லாது. வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. பொருளைப் பார்த்துத் தரம் சொல்ல முடியாதபோது, அதனோடு வரும் காகிதம்தான் தரத்தைச் சொல்லவேண்டும். அமெரிக்க விதிகள் முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றன.

ஈயத்தில் தொடங்கிய கதை

முதலில் வந்தது ஈயத்தின் மீதான கட்டுப்பாடு. இஞ்சின் தட்டாமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்து வந்தார்கள். அது காற்றில் கலந்து குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது ஒருபுறம். புகையைச் சுத்தம் செய்யும் புதிய கருவியைப் பாழாக்குவது மறுபுறம். ஆகவே ஆண்டுக்கு 2,00,000 காலன் அல்லது அதற்கு மேல் விற்கும் நிலையங்கள் 1974 ஜூலை 1 முதல் ஈயமில்லாப் பெட்ரோலையும் விற்றாக வேண்டும் என்று விதி வந்தது. (ஒரு அமெரிக்கக் காலன் ஏறத்தாழ 3.8 லிட்டர்.) புதிய கார்களில் பெட்ரோல் ஊற்றும் வாயைச் சிறிதாக்கி, ஈயப் பெட்ரோல் குழாய் அதில் நுழையாதபடியும் செய்தார்கள். படிப்படியாகக் குறைத்து, 1996 ஜனவரி 1 முதல் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் அறவே தடை செய்யப்பட்டது.

இன்றுள்ள விதிகள்

முன்பு பல பகுதிகளாகச் சிதறிக் கிடந்த பெட்ரோல் விதிகளை ஒன்றாகத் திரட்டிச் சுருக்கிய தொகுப்பு 2021 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை நடத்துகிறது. முக்கியமானவற்றை மட்டும் இங்கே தருகிறோம்.

கந்தகம்: ஆண்டுச் சராசரி பத்து லட்சத்தில் 10 பங்கு. அதாவது ஒரு டன் பெட்ரோலில் 10 கிராம். இது 2017 முதல் உள்ள அளவு. எந்த ஒரு தொகுதியும் ஆலை வாசலில் 80 பங்கையும், அதைத் தாண்டிய பின் 95 பங்கையும் மீறக்கூடாது.

பென்சீன்: புற்றுநோய் தரும் பொருள். ஆண்டுச் சராசரி 0.62 சதவீதம், நூறு லிட்டருக்கு 620 மில்லி.

ஆவியழுத்தம்: கோடையில் பெட்ரோல் எளிதில் ஆவியாகி, வெயிலில் பிற புகைகளோடு சேர்ந்து மூச்சுக்குக் கேடான ஓசோனை உண்டாக்குகிறது. ஆகவே கோடைச் சரக்கின் ஆவியழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 9 பவுண்டுக்குள் இருக்கவேண்டும். காற்று மிகவும் கெட்ட நகரங்களில் இன்னும் குறைவு. ஆலைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் இது மே 1 முதல். சில்லரைக் கடைக்கு ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை. இடையில் கிடைக்கும் ஒரு மாதம், தொட்டியில் தங்கிய குளிர்காலச் சரக்கை விற்றுத் தீர்த்துப் புதுச் சரக்கு நிரப்பிக்கொள்ளும் அவகாசம். பழைய இருப்பை வைத்துக்கொண்டு தவிக்கும் வேதனையை அறிந்த எவருக்கும் அந்த ஒரு மாதத்தின் அருமை விளங்கும்.

சோதிக்கும் பொறுப்பு யாருடையது? சரக்கைத் தயாரிப்பவரும், நாட்டுக்குள் கொண்டுவருபவரும் ஒவ்வொரு தொகுதியையும் மாதிரி எடுத்துச் சோதிக்கவேண்டும். அவர்கள் முகமையிடம் பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் கணக்கு அளித்து, அதைத் தனிப்பட்ட தணிக்கையாளரிடம் காட்டவேண்டும். லாரியிலோ ரயிலிலோ எல்லை கடந்து வரும் சரக்குக்கு மட்டும், சில நிபந்தனைகளோடு, அனுப்பியவரின் சோதனை முடிவை ஏற்கும் சலுகை உண்டு. சரக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் ஒவ்வொரு முறையும், அது எந்த வகை, கோடைக்கு உரியதா என்பதைச் சொல்லும் கைமாற்றுச் சீட்டு கூடவே வரவேண்டும். ஏடுகளை 5 ஆண்டுகள் பாதுகாக்கவேண்டும்.

கடைவாசலில் குற்றம் கண்டால்

சிறு வணிகர் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். கடைப் பம்பில் எடுத்த மாதிரி அளவை மீறியிருந்தால், கடைக்காரர், அவருக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, அதற்கு மேலுள்ள ஆலை அல்லது இறக்குமதியாளர் என்று சரக்கு வந்த வழியில் உள்ள எல்லோர் மீதும் பொறுப்பு விழுகிறது. கடையின் மேல் எந்தக் கம்பெனியின் பெயர்ப்பலகை தொங்குகிறதோ அந்தக் கம்பெனியும் பதில் சொல்லவேண்டும். சட்டம் வகுத்த அபராதம் நாளொன்றுக்கு 25,000 டாலர் வரை; விலைவாசிக்கு ஏற்ப அதை உயர்த்தியும் வருகிறார்கள்.

இதிலிருந்து மீள்வது எப்படி? தவறு தம்மால் நேரவில்லை என்று காட்டவேண்டும்; சரக்கு விதிப்படி இருந்ததாகச் சொல்லும் சீட்டுகளை எடுத்து வைக்கவேண்டும். மொத்த வியாபாரியானால், அவ்வப்போது மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு தம்மிடம் இருந்ததையும் காட்டவேண்டும். சிறு கடைக்காரரிடம் பரிசோதனைக்கூடம் இல்லை. அவருடைய பரிசோதனைக்கூடம் அவர் கோத்து வைத்திருக்கும் சீட்டுக் கட்டுதான்.

வெனிசுலா கேட்ட நியாயம்

ஏட்டின் அருமையையும், ஒரே தராசின் அவசியத்தையும் ஒருங்கே காட்டிய வழக்கு ஒன்று உண்டு. உலக வர்த்தக அமைப்பு 1995 ஜனவரியில் பிறந்தது. அந்த மாதமே அங்கே புகாரோடு வந்து நின்ற நாடு வெனிசுலா. பிறகு பிரேசிலும் சேர்ந்துகொண்டது. புகார் அமெரிக்கப் பெட்ரோல் விதியின் மேல்.

அந்த விதி 1990-ஆம் ஆண்டுத் தரத்தை அடிப்படையாகக் கொண்டது. உள்நாட்டு ஆலைக்கு, அது 1990-இல் தயாரித்த தரமே அதன் அளவுகோல். ஏடு முழுமையாக இல்லாவிட்டாலும் வேறு கணக்குகளைக் கொண்டு நிறுவ இரண்டு மாற்று வழிகள் இருந்தன. அயல்நாட்டு ஆலைகளுக்குப் பொதுவாக அந்த வாய்ப்பு இல்லை. அங்கிருந்து வாங்கி வரும் இறக்குமதியாளர் 1990-இன் சோதனை ஏடுகளையே காட்டவேண்டும். இல்லையேல் அமெரிக்கா முழுமைக்கும் கணக்கிட்ட சராசரியே அளவுகோல்.

நம் வழக்கில் சொல்வதானால், ஊரில் உள்ள ஆலைக்கு அதன் பழைய அரிசிதான் அளவு. வெளியூர் அரிசிக்கோ ஊர்ச் சராசரி அளவு. ஊர் ஆலையின் சரக்கு சராசரியை விடத் தாழ்ந்திருந்தாலும் சந்தைக்குப் போகலாம். அதே தரமுள்ள வெளியூர்ச் சரக்குக்குத் தடை!

1994-இல் முகமையே இந்தக் குறையை உணர்ந்து, அயல்நாட்டு ஆலைகளுக்கும் தனி அளவுகோல் தர முன்வந்தது. நாடாளுமன்றம் அதற்குப் பணம் ஒதுக்க மறுத்துவிட்டது. அயல்நாட்டு ஏடுகளைச் சரிபார்க்க முடியாது என்பதே அமெரிக்கா சொன்ன வாதம்.

1996 ஜனவரியில் விசாரணைக் குழு வெனிசுலா பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 29-இல் தன் முதல் தீர்ப்பாக இதை வழங்கியது. தீர்ப்பின் நயம் கவனிக்கத்தக்கது. காற்றைக் காக்க விதி செய்வது ஒரு நாட்டின் உரிமை என்பதை அது ஒப்புக்கொண்டது. குற்றம் விதியில் இல்லை, அதை நடத்திய முறையில் என்றது. ஏடுகளைச் சரிபார்க்கும் வழியை அந்த நாடுகளோடு கூடிப் பேசி அமெரிக்கா போதிய அளவு முயலவில்லை; எல்லோருக்கும் சராசரியை வைத்தால் உள்ளூர் ஆலைகளுக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தது, அயல் ஆலைகளுக்கு ஆகும் செலவை எண்ணிப் பார்க்கவில்லை என்பவை தீர்ப்பில் கண்ட குறைகள்.

1997 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அயல்நாட்டு ஆலையும் தன் 1990 ஏடுகளைக் காட்டித் தனி அளவுகோல் பெறலாம். ஆனால் சும்மா அல்ல: அமெரிக்க அதிகாரிகள் ஆலைக்கு வந்து பார்க்க இடம் தரவேண்டும், பிணைத்தொகை கட்டவேண்டும், கப்பலில் ஏற்றும் துறைமுகத்தில் தனிப்பட்டவரைக் கொண்டு மாதிரி எடுத்து, இறங்கும் இடத்து முடிவோடு ஒத்துப் பார்க்கவேண்டும். சமநீதி கேட்டவர், தம் ஏட்டைத் திறந்து காட்டும் கடமையையும் சேர்த்துப் பெற்றார். இன்று கந்தகத்துக்கும் பென்சீனுக்கும் உள்ளூர்ச் சரக்கு, வெளிச் சரக்கு என்ற பேதம் இல்லாமல் ஒரே அளவு.

நமக்கு என்ன?

நாம் விற்கும் பண்டங்களுக்கும் இதே நிலைதான். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் உள்ள நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, சரக்கை விற்பவர் வாங்கும் வணிகருக்கு அதன் தரம் குறித்து எழுத்தில் உத்தரவாதம் தரவேண்டும் என்கிறது. விற்பனைக்குத் தரும் பில்லே உத்தரவாதமாகக் கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. பில் இல்லாமல் நாலு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று மூட்டையை இறக்குகிறவர், அந்த நாலு ரூபாய்க்கு உத்தரவாதத்தையே விற்றுவிடுகிறார். நாளை மாதிரி எடுக்க அதிகாரி வந்து நிற்கும்போது, 'இன்னாரிடம் வாங்கினேன்' என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது பெரியோர் வாக்கு.

ஆகவே வணிகப் பெருமக்கள் மூன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். வாங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் பில் கேட்டு வாங்கித் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள். இன்னார் சரக்கு என்று அடையாளம் தெரியாதபடி ஒன்றோடொன்று கலந்து கொட்டாதீர்கள். விதி வந்தால் விதியே வேண்டாம் என்று சொல்லாமல், பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே தராசு வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்கும் நாளில் நம் கையில் ஏடு இருக்கவேண்டும். வெனிசுலாவின் கோரிக்கை வென்றது. அந்த வெற்றியின் பலனை அனுபவிக்க முடிந்ததோ ஏடு வைத்திருந்தவருக்கு மட்டும்தான்.