பத்திரம் இல்லாத பிள்ளைகள்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு முறை மூட்டை கட்டின. முதலில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, கங்காணி காட்டிய லயத்துக்கு. பிறகு, அதே லயத்தைக் காலி செய்து சிரம்பான் ஓரத்து அடுக்குமாடிக்கு. முதல் பயணத்தை ரப்பர் விலை முடிவு செய்தது. இரண்டாவதை நில விலை.

கங்காணி தன் ஊரிலும் உறவிலும்தான் ஆள் சேர்த்தான். புருஷன் பால்மரம் வெட்ட, பெண்சாதியும் வெட்ட, பிள்ளைகள் மங்கு துடைக்க, ஒரு குடும்பமே நிரைக்குப் போனது. குடும்பத்தோடு வந்தவன் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான் என்பது துரைமாரின் கணக்கு. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது, வந்தவர்களுக்கு இங்கேயே பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். சயாம் மரண ரயிலைப் பற்றியும் தோட்டத் துண்டாடலைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. என் கவலை பிறப்புப் பத்திரம்.

லயத்தில் பிள்ளை பிறந்தால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொன்னால் போதும் என்றிருந்தவர்கள் பலர். தோட்டத்துக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தாள் யாரும் கேட்கவில்லை. நீலாயிலும் செண்டாயானிலும் ரப்பர் காடு வீடமைப்புத் திட்டமானபோது அந்த அறிமுகம் கலைந்தது. பள்ளிக்கூடம், வங்கி, மருத்துவமனை என்று போன இடமெல்லாம் அடையாளக் கார்டு கேட்டார்கள்.

1957 ஆகஸ்ட் 31க்குப் பிறகு, 1962 வரை, இங்கே பிறந்ததே குடியுரிமைக்குப் போதுமானதாக இருந்தது. அதன்பின் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. 1982 மார்ச் முதல் திருமணப் பதிவும் கட்டாயம். மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு நிறுத்தியவர்களின் பிள்ளை சட்டப்படி தாயைத்தான் சேரும். தாயிடம் நிரந்தரவாசிக்கான சிவப்புக் கார்டுகூட இல்லையென்றால், குடிமகனான தந்தையின் நீலக் கார்டு அந்தப் பிள்ளைக்கு உதவாது. அலட்சியம் என்று இதைச் சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள் ஒருநாள் கூலியை விட்டுத்தான் பட்டணம் போக வேண்டியிருந்தது.

தோட்டத்தை விட்டதால்தான் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள் என்பாரும் உண்டு. பத்திரம் இருந்த பிள்ளைகள் வந்தார்கள்.

2024இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவந்த குடியுரிமையையும் நீக்குகிறது. சிவப்புக் கார்டோடு காலம் தள்ளும் வீடுகளுக்கு இது இடி. பத்திரமே இல்லாதவர்களுக்கோ, பிறப்புக்குச் சாட்சி சொல்லக்கூடிய பழைய கிராணிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் வயதாகிவிட்டது. அவர்களிடம் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கும் வேலையைக் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.