பனிக்கோளின் சிறுவர்களும் எங்கள் வீட்டுப் பார்வையாளர்களும்

கார்ட்டூன் என்றாலே பிள்ளைகளைச் சற்று நேரம் அமைதியாக இருத்தி வைக்க உதவும் ஒன்று என்றுதான் எம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் ஒரே கதையைப் பார்க்கும் பிள்ளையும் தாயும் வெவ்வேறு விடயங்களைக் காண்கிறார்கள் என்பதை அண்மையில் நான் கவனித்தேன். அந்தத் தொடரின் பெயர் 'கலக்டிக் புட்போல்'.

ஜப்பானிய அனிமே பாணியை நினைவூட்டும் இத்தொடர் பிரான்ஸ் நாட்டில் தயாரிக்கப்பட்டது. 2006 முதல் 2011 வரை மூன்று பருவங்களாக, மொத்தம் 78 பாகங்கள் வெளிவந்தன. அகிலியன் என்ற கோள் ஒரு பேரனர்த்தத்தால் பனியில் உறைந்துபோகிறது. 'ஃப்ளக்ஸ்' எனப்படும் அதன் தனிச்சக்தியும் இல்லாது போகிறது. பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பும் முன்னாள் வீரர் ஆர்ச், எவரும் அறியாத பதின்வயதினர் ஏழு பேரைச் சேர்த்து 'ஸ்னோ கிட்ஸ்' என்ற அணியை உருவாக்குகிறார். அண்டவெளிக் கிண்ணத்துக்காக அவர்கள் பலம்மிக்க அணிகளோடு மோதுகிறார்கள்.

என் அக்காவின் மகனுக்குப் பிடித்தது ஆட்டம்தான். வீரர்கள் பல அடி உயரம் பாய்ந்து பந்தை உதைக்கும்போது அவனும் கதிரையை விட்டுப் பாய்வான். எதிரணியான 'ஷடோஸ்' பக்கம் போய்விட்ட சினெட்டை அவன் வாய் ஓயாமல் திட்டினான். சினெட் தாய் தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன் என்று தெரிந்த பிறகு திட்டுவது நின்றது. "அவனுக்கு ஆர் இருக்கினம் சித்தி?" என்று மட்டும் கேட்டான்.

தரம் எட்டில் படிக்கும் அவனது தங்கையோ மேய் என்ற பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேயின் தாய்க்கு மகள் புகழ்பெற வேண்டும். அதற்காக அவள் முன்னணியில் நின்று கோல் போட வேண்டும். பயிற்றுநரோ அவளைப் பின்களத்தில் நிறுத்துகிறார். தாயின் ஆசைக்கும் தன் திறமைக்கும் இடையில் தடுமாறும் மேய், கடைசியில் பின்களமே தன் இடம் என்று உணர்கிறாள். அந்தப் பாகம் முடிந்ததும் என் மருமகள் தாயைப் பார்த்து, "அம்மா, நான் டான்ஸ் கிளாசை விடட்டோ?" என்றாள். அக்கா உடனே பதில் சொல்லவில்லை. மூன்று நாட்களின் பின், "ஏன் பிடிக்கேல்லை எண்டு சொல்லு" என்று கேட்டார். இருவரும் நெடுநேரம் கதைத்தார்கள். வகுப்பு இன்னும் நிற்கவில்லை; ஆனால் கதை தொடங்கிவிட்டது.

அக்காவின் கண்ணில் பட்டவர்கள் வேறு. டிஜொக்கைப் பெற்ற தாய் பிரசவத்திலேயே இறந்துவிட, அவனை வளர்ப்பவர் மாயா என்ற குறிசொல்லும் பெண். மைக்ரோ ஐஸ் என்ற குறும்புக்காரனுக்குத் தாய் மட்டுமே துணை. "பெறாத பிள்ளையை இப்படி வளர்க்கிறது லேசோ?" என்று மாயாவைப் பற்றி அக்கா சொன்னபோது, நான் அதுவரை அவரை ஒரு துணைப்பாத்திரமாகவே பார்த்திருந்ததை உணர்ந்தேன்.

குறைகளும் உண்டு. ஏழு பேரில் பெண்கள் இருவர்தான். இரண்டாம் பருவத்தில் கோல்காப்பாளர் அஹிட்டோ நோயுற, அவரது உறவுப்பெண் யூக்கி அந்த இடத்துக்கு வருகிறாள். பெண்களை ஒல்லியான விளம்பர அழகிகளைப் போல வரைந்திருப்பதும், போகப்போகக் காதல் பிணக்குகள் கூடுவதும் எனக்கு உவப்பாயில்லை. ஆயினும் ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவதை எவரும் வியந்து பேசாத ஓர் உலகத்தை இது காட்டுகிறது. அங்கே அது வெகு இயல்பான விடயம். எங்கள் வீட்டுச் சிறுமியும் அதை இயல்பாகவே எடுத்துக்கொண்டாள்.

முதல் பருவ முடிவில் ஸ்னோ கிட்ஸ் ஷடோஸை வென்று கிண்ணத்தைக் கைப்பற்றுகிறார்கள். எளியவர் வெல்லும் கதைகள் நமக்குப் புதியவையல்ல. ஆனால் இவர்கள் வென்றது ஃப்ளக்ஸ் சக்தியால் மட்டுமல்ல. ஒவ்வொருவரும் தனக்குப் பொருந்திய இடத்தில் நிற்க விடப்பட்டதும் அதற்குக் காரணம்.

தாய்மாரே, உங்கள் பிள்ளை பார்க்கும் தொடரை ஒரு நாளாவது பக்கத்தில் இருந்து பாருங்கள். "உனக்கு இதிலே ஆரைப் பிடிக்கும்? ஏன்?" என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்பதற்குக் கிடைக்கும் விடையில், பிள்ளை நேரே சொல்லத் தயங்கும் ஏதோ ஒன்று இருக்கக்கூடும்.