முதுகில் ஊசி: அச்சம் தேவையா?

கைக்குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். பால் குடிக்க மறுக்கிறது, உச்சிக்குழி புடைத்திருக்கிறது. "முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்கிறார் மருத்துவர். பெற்ற மனம் பதறுகிறது. "முதுகில் குத்தினால் பிள்ளையின் கால்கள் முடங்கிப் போகுமாமே!" என வீட்டுப் பெரியவர்கள் கலங்குகின்றனர். கையெழுத்திட மறுத்துக் குழந்தையைத் தூக்கிச் செல்வோரும் உண்டு. தாய்மார்களே! இந்த அச்சம் தேவைதானா?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து தெளிந்த நீர் ஒன்று உள்ளது. மூளையின் உறைகளில் கிருமி புகுந்தால், அதற்குரிய சான்று அந்நீரிலேயே கிடைக்கும். அதை ஊசிவழி எடுக்கும் முறையை 1891-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் குவின்க்கே உலகிற்கு அறிவித்தார்.

தண்டுவடம் முதுகின் அடிவரை நீள்வதில்லை. பெரியவர்களுக்கு முதலிரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலும், பச்சிளங்குழந்தைக்குச் சற்றுக் கீழேயும் அது முடிந்துவிடுகிறது. ஊசி செலுத்தப்படுவதோ அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பிழைகளே உள்ளன. ஆகவே கால் முடங்குதல் மிக மிக அரிது.

உண்மையான சிக்கல் வேறு. குழந்தை திமிறும், எலும்பிடைவெளியோ மிகச் சிறிது. விரலால் தடவியே இடத்தைக் கணிக்கும்போது குறி தவறலாம். நீரில் இரத்தம் கலந்து முடிவு குழம்பலாம். மீண்டும் குத்த நேரலாம்.

இங்கேதான் படுக்கையருகே கொண்டுவரப்படும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கிறது. சிசுவின் முள்ளெலும்புகள் முழுதும் இறுகாதிருப்பதால் ஒலியலைகள் உள்ளே செல்கின்றன. தண்டுவடம் முடியுமிடத்தையும், நீர் இருக்கும் ஆழத்தையும் திரையில் கண்டு, மருத்துவர் தோலில் அடையாளமிடுகிறார். அதன்பின் குழந்தையை அசையாது பிடித்திருக்க வேண்டும். இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை.

ஆறு மாதத்திற்குட்பட்ட 128 குழந்தைகளிடம் அமெரிக்காவில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஸ்கேன் உதவியால் முதல் முயற்சியிலேயே வெற்றி கண்டோர் நூற்றுக்கு 58, அவ்வுதவியின்றி 31. ஆனால் 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி கண் காட்டும், கைத்திறன் மருத்துவருடையதே. வளர்ந்த பிள்ளைகளுக்கு எலும்பு இறுகிவிடுவதால் காட்சியின் தெளிவும் குறையும்.

எனவே, "ஸ்கேன் வசதி உண்டா? மரத்துப்போக மருந்து தருவீர்களா?" என்று தயங்காது கேளுங்கள். வசதி இல்லையெனினும் பரிசோதனையை மறுத்துவிடாதீர்கள். மூளை உறைக் காய்ச்சல் செவிப்புலனைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். ஊசியினும் கொடியது தாமதமே.