அலமாரியில் பூட்டி வைத்த புத்தகம்



எரேமியா நூலின் 36ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். குளிர்காலம். அரசன் யோயாக்கிம் கணப்பு நெருப்பின் முன் அமர்ந்திருக்கிறான். எரேமியா சொல்லச் சொல்லப் பாரூக்கு எழுதிய ஏட்டுச்சுருளை ஒருவர் வாசிக்கிறார். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் அரசன் அதைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான். கடைசியில் சுருள் முழுவதும் எரிந்துபோகிறது. எரேமியாவோ வேறொரு சுருளில் எல்லாவற்றையும் மீண்டும் எழுதச் செய்கிறார். புதிதாகவும் பல சேர்க்கிறார்.

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. நம் நாமக்கல் மாவட்டத்திலேயே, திருச்செங்கோட்டில், 2014 டிசம்பரில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் எரிக்கப்பட்டது. எழுதுவதையே விட்டுவிடுவதாக 2015 ஜனவரியில் அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்த பிறகே மீண்டும் எழுத்துலகுக்கு வந்தார்.

அது பெரியவர்களுக்கான நாவல். பிள்ளைகளின் புத்தகங்களை யாரும் தெருவில் எரிப்பதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். சி.பி.எஸ்.இ. 9ஆம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில், திருவிதாங்கூரில் மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் போராடிய வரலாறு இருந்தது. அந்தச் சமூகத்தைப் பற்றி எழுதியிருந்த விதம் இழிவுபடுத்துவதாகத் தமிழகத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் பிழையைத் திருத்துவதற்குப் பதில், 2016 டிசம்பரில் அந்தப் பகுதியையே நீக்கினார்கள்; 2019இல் அந்த அதிகாரமே போயிற்று. நம் குமரி மாவட்டத்துப் பாட்டிமார் பட்ட பாடு அந்தப் பாடநூலிலிருந்து மறைந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகமும் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து இரு தமிழ் தலித் பெண்களின் எழுத்தை நீக்கியது. ஒருவர் கவிஞர் சுகிர்தராணி, மற்றவர் 'சங்கதி' எழுதிய பாமா.

பிறரைக் குறைசொல்ல நமக்கு அதிக உரிமையில்லை. நம் திருச்சபையே 1559 முதல் 1966 வரை தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில்தான் அது சட்ட வலிமையை இழந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பாமாவின் 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. கத்தோலிக்க தலித் குடும்பத்தில் பிறந்து, கன்னியராகி, பிறகு மடத்தைவிட்டு வெளியேறிய ஒருவரின் வாழ்க்கை அது. ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிவருவதைப் பார்த்துச் சிரித்த சிறுமி, அதன் காரணம் தெரிந்தபின் சிரிக்க முடியாமல் போகிறாள். கோயிலுக்குள்ளும் மடத்துக்குள்ளும் இருந்த சாதியையும் அவர் விடவில்லை. முன்பு நான் பணிசெய்த ஒரு பங்கில் இளையோர் நூலகத்துக்கு அந்த நூல் வந்தபோது, "பிள்ளைகளுக்கு இது வேண்டாம்" என்று என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உண்மையில் நான் காப்பாற்ற நினைத்தது பிள்ளைகளை அல்ல, நம்மைப் போன்ற சாமியார்களின் மானத்தைத்தான்.

வயதுக்கேற்ற நூல் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே நூலைக் கொடுக்க முடியாது. ஆனால் வயதைக் காரணம் காட்டிப் பூட்டுகிற பல நூல்கள் பெரியவர்களைச் சங்கடப்படுத்துகிறவைதாம்.

இங்கே கொல்லிமலைக்கு வந்தபின், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு மலைவாழ் சிறுமி கேட்டாள்: "ஃபாதர், எங்க ஊர்ப் பிள்ளைங்க வர்ற கதைப் புத்தகம் இருக்கா?" வல்வில் ஓரியைக் காட்டினேன். "அவர் ராஜா. நான் பிள்ளைங்களைக் கேட்டேன்" என்றாள். பங்கு நூலகத்தின் இரண்டு தட்டுகளையும் தேடிப்பார்த்தேன். புனிதர்கள் இருந்தார்கள், தெனாலிராமன் இருந்தார், பனிமனிதன் செய்து விளையாடும் வெளிநாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். மிளகுக் கொடிக்கும் பலா மரத்துக்கும் நடுவே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒருத்திகூட இல்லை.

'கருக்கு' இப்போது அந்த நூலகத்தில் இருக்கிறது, மேல்வகுப்புப் பிள்ளைகளின் தட்டில். இரண்டு பெற்றோர் வந்து கேட்டார்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு பேசுவோம் என்று கொடுத்தனுப்பினேன். ஒருவர் இன்னும் திருப்பித் தரவில்லை. அவர் மனைவி வாசித்துக்கொண்டிருக்கிறாராம்.