நீருக்குள் ஓர் இறக்கை

ஜனவரி மாதத்து முற்பகல். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகருக்குக் கிழக்கே, ரூஸ்டர் ராக் என்னும் கரையில் நின்றிருந்தேன். கொலம்பியா ஆறு ஈய நிறத்தில் விரிந்து கிடந்தது. நீரின் வெப்பம் நாலைந்து டிகிரிதான் இருக்கும். அந்த ஆற்றின் நடுவே ஒரு மனிதர் பாயைப் பிடித்தபடி, தண்ணீரைத் தொடாமல் போய்க்கொண்டிருந்தார். அவர் காலடிப் பலகைக்கும் அலைக்கும் நடுவே முழங்கால் உயரத்துக்கு வெறும் காற்று.

விண்ட்சர்ஃபிங் நாம் படங்களிலாவது பார்த்திருக்கும் விளையாட்டு. பலகை அலையை அறைந்து அறைந்து ஓடும், நுரை தெறிக்கும். இங்கே அந்த ஓசையே இல்லை. புறப்படும்போது மட்டும் பலகை சற்றுச் சலசலத்தது. வேகம் கூடியதும் தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து அள்ளுவதுபோல் ஏதோ ஒன்று அவரை நீரிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டது. அதன் பிறகு மௌனம்.

தூக்கியது எது? பலகையின் அடியிலிருந்து ஒரு மெல்லிய தண்டு நீருக்குள் இறங்குகிறது. அதன் நுனியில் விமானத்தினுடையதைப் போன்ற ஓர் இறக்கை. அதைத்தான் ஃபாயில் என்கிறார்கள். பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர சென்டிமீட்டர், நாளிதழில் அரைப்பக்கம். அந்த அரைப்பக்கம் ஆளையும் பாயையும் பலகையையும் சேர்த்து நூறு கிலோவைச் சுமக்கிறது. அதே வேகத்தில் காற்றில் அத்தனை எடையைத் தூக்க வேண்டுமானால் ஒரு சிறு வீட்டின் தரையளவுக்கு, சுமார் 80 சதுர மீட்டருக்கு, இறக்கை வேண்டும். ஏனென்றால் நீர் காற்றைப்போல் 800 மடங்கு அடர்த்தியானது. 1906-இல் இத்தாலியின் மஜோரே ஏரியில் என்ரிக்கோ ஃபோர்லானினி இத்தகைய இறக்கைகளை ஒரு படகில் பொருத்தி, அதை நீருக்கு மேலே எழும்ப வைத்தார். அவர் இறக்கையைச் செய்தார். நீரின் அடர்த்தியை யார் செய்தார்? நாம் தினமும் குவளையில் மொண்டு குடித்துவிட்டு வைக்கும் அதே நீர், தன் உடலுக்குள் இப்படியொரு தோள்வலிமையை ஒளித்து வைத்திருக்கிறது.

காற்றின் கதை இன்னும் நுட்பமானது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து “காத்தே வரல” என்று அலுத்துக்கொள்ளும் நாம், காற்றுக்கு எடை உண்டு என்பதை ஒரு நாளாவது நினைத்திருப்போமா? பத்து டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.25 கிலோ. உறைநிலையில் 1.29. இந்த வேறுபாடு ஒரு கைப்பிடி அரிசியின் எடை. குளிர்காலத்தில் கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள பெரும்பள்ளத்தில் குளிர்ந்த காற்று குளம்போல் தேங்குகிறது. மலைக்கு மேற்கே கடற்காற்றின் வெதுவெதுப்பு. அந்த மலைத்தொடரைக் கடல்மட்டத்தை ஒட்டிக் கடக்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு: 130 கிலோமீட்டர் நீளமும், சில இடங்களில் 1,200 மீட்டர் ஆழமும் கொண்ட இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு. கைப்பிடி அரிசியளவு கனத்தை வைத்துக்கொண்டு, கிழக்குக் காற்று அந்த வாசல் முழுவதையும் நிறைத்தபடி பொழிகிறது. எங்கள் தலைக்கு மேலே கிரௌன் பாயிண்ட் பாறை உச்சியில் நின்றவர்கள் தொப்பியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

கிழக்கிலிருந்து வரும் காற்றைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். இந்தப் பள்ளத்தாக்கைப் பாராமலே அதற்கும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்களோ என்று தோன்றியது. வெயில் காலத்தில் இங்கே வீசுவது மேற்குக் காற்று. குளிரில் கொண்டல். நம் கொண்டல் மழையைக் கொண்டு வரும், இது உறைகுளிரைக் கொண்டு வருகிறது.

அந்த வாசலை அகலத் திறந்ததும் நீர்தான். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் முடிவில், மிசூலா என்னும் மாபெரும் ஏரியைத் தடுத்திருந்த பனிக்கட்டி அணை உடைந்தது. மீண்டும் உருவாகி மீண்டும் உடைந்தது. வெள்ளம் எரிமலைப் பாறைகளை அரித்துக்கொண்டு இவ்வழியே கடலுக்குப் போனது. ஜே ஹார்லன் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர் அப்பெருவெள்ளத்தைப் பற்றி 1923-இல் எழுதியபோது, நெடுங்காலம் பெரும்பாலோர் நம்பவில்லை. இத்தனை பெரிதை நம்ப மனித மனத்துக்குச் சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

இதோ, அந்தப் பழைய வெள்ளத்தின் பாதையில் ஒற்றை மனிதர். குளிர்காலத்தில் ஆறும் காற்றும் ஒரே திசையில், கடலை நோக்கிப் போகின்றன. இரண்டும் சேர்ந்து அவரைத் துரும்பாக அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவரோ இரண்டோடும் சண்டை போடவில்லை. காற்று பாயைத் தள்ளுகிறது. நீருக்குள்ளிருக்கும் தண்டு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. தள்ளுதலுக்கும் பிடிப்புக்கும் இடையில் கிடைத்த சிறு கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றின் முகத்தை நோக்கியே ஏறி வந்தார். முன்காலில் சற்றே எடை கூடினால் பலகை தாழ்கிறது. பின்காலில் கூடினால் எழும்புகிறது. நம்மைத் தாங்கும் சமநிலைகள் எல்லாமே இப்படி ஒரு விரல்கடை அசைவில்தான் நிற்கின்றனவோ!

உச்சி முதல் உள்ளங்கால்வரை அவர் நியோப்ரீன் உடையில் இருந்தார். நுண்ணிய வாயுக் குமிழ்களைச் சிறைப்படுத்திய ரப்பர் அது. அப்படியும் கரைக்கு வரும்போதெல்லாம் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டார். பத்தடி தள்ளி, அதே தண்ணீரில், ஒரு காட்டு வாத்து வெறுங்காலோடு நின்றது. என் கண் அதைவிட்டு அகல மறுத்தது. அதன் காலுக்குள் இறங்கும் சூடான ரத்தக்குழாயை ஒட்டியே, பாதத்திலிருந்து திரும்பும் குளிர்ந்த ரத்தக்குழாய் ஏறுகிறது. இறங்கும் ரத்தம் தன் வெம்மையை ஏறும் ரத்தத்திடம் வழியிலேயே ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு பாதத்துக்குப் போகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு. நெஞ்சில் நாற்பது டிகிரி வெம்மை அப்படியே பத்திரம். இந்தக் குச்சிக் காலுக்குள் இவ்வளவு கணக்கா! படைத்தவன் எந்த அவசரமும் இல்லாமல் உட்கார்ந்து செய்த வேலை என்று கைகூப்பத்தான் தோன்றியது. நாம் இதை “வாத்து” என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் காற்று தளர்ந்தது. அவர் கரையை நோக்கித் திரும்பினார். வேகம் குறையக் குறையப் பலகை மெல்லத் தாழ்ந்து நீரைத் தொட்டது, சலசலப்பு திரும்பி வந்தது. இறக்கை மணலில் இடித்துவிடாமல் இருக்க, இடுப்பளவு நீரிலேயே அவர் குதித்துவிட்டார். பாயைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, பலகையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினார்.

அப்போதுதான், நாளெல்லாம் சுமந்தும் முகம் காட்டாதிருந்த அந்த இறக்கையைப் பார்த்தேன். கறுப்பு நிறம், விரல் தடிமன்கூட இல்லை. அதன் விளிம்பில் ஒரு சொட்டு நீர் திரண்டு, சற்று நேரம் தொங்கி, ஆற்றிலேயே விழுந்தது.